அனுமதி கிடைத்த ஆட்டம்



மல்யுத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒலிம்பிக் மல்யுத்தமல்ல. தொலைக்காட்சியில் அண்டர்டேக்கரும் ஜான் சீனாவும் வந்தார்களே, அந்த டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம். தொண்ணூறுகளில் பெட்டிக்கடையில் ட்ரம்ப் கார்டு வாங்கி, உயரம், எடை, ரேங்க் என்று கூவிக்கூவி ஆடிய தலைமுறைக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம். கதை எழுத ஆள் வைத்திருக்கிறார்கள். ஆனால் விழுவது நிஜம், வலி நிஜம், எலும்பு முறிந்தால் அதுவும் நிஜம். நம்மூர்க் கழைக்கூத்தைப் போலத்தான்: வித்தை என்று தெரியும், கயிற்றிலிருந்து தவறினால் அடி என்பதும் தெரியும்.

எல்லாமே முன்கூட்டி எழுதி வைக்கப்படும் அந்தத் தொழிலில், நடக்குமா நடக்காதா என்று ஏறக்குறைய முந்தைய நாள்வரை உறுதியில்லாமல் கிடந்த ஆட்டம் ஒன்று உண்டு. 2019 அக்டோபர் 31, வியாழக்கிழமை. சவூதி அரேபியத் தலைநகர் ரியாத். மன்னர் ஃபகத் பெயரில் உள்ள பெரிய விளையாட்டரங்கம். அங்கே நடால்யா, லேசி எவன்ஸ் என்ற இரண்டு பெண்கள் மோதினார்கள். சவூதி மண்ணில் நடந்த முதல் பெண்கள் தொழில்முறை மல்யுத்தம் அது. இப்படி ஒரு ஆட்டம் உண்டு என்ற அறிவிப்பு வெளியானதே முந்தைய நாள் புதன்கிழமைதான்.

முதலில் அந்த இருவரைத் தெரிந்துகொள்வோம். நடால்யா கனடாக்காரர், கால்கரி நகரத்தவர். பரம்பரை மல்யுத்தக் குடும்பம். தாத்தா ஸ்டூ ஹார்ட் தன் வீட்டு நிலவறையிலேயே பயிற்சிக்கூடம் வைத்துப் பல நட்சத்திரங்களை உருவாக்கியவர். தாய்மாமன் பிரெட் ஹார்ட், நம் பிள்ளைகள் அட்டையில் பார்த்த அதே பிரெட் ஹார்ட். அப்பா ஜிம் நைட்ஹார்ட்டும் மல்யுத்த வீரர்தான். லேசி எவன்ஸ் அமெரிக்கர். கடற்படைக் காலாட்படையில், அதாவது மரீன் படையில், பணியாற்றிவிட்டு வந்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். வளையத்துக்குள் அவருக்குக் கொடுத்திருந்த வேடமோ, தொப்பியும் கையுறையும் அணிந்து எல்லாரையும் ஏளனமாகப் பார்க்கும் பழைய காலத்துச் சீமாட்டி.

அன்று இருவருமே வழக்கமான உடையில் வரவில்லை. கழுத்து முதல் கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை, உடம்போடு ஒட்டிய துணி. அது உடம்பின் வடிவத்தைக் காட்டிவிடக்கூடாது என்று அதன்மேல் தொளதொளவென்று ஒரு டி-சட்டை. மல்யுத்தம் செய்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. தொங்கும் துணி எதிராளியின் விரலில் சிக்கும், கண்ணை மறைக்கும், தலைகீழாகத் தூக்கும்போது சுருண்டு ஏறும். அந்தத் துணியோடுதான் ஏழெட்டு நிமிடம் புரண்டார்கள். கடைசியில் நடால்யா தன் மாமன் புகழ்பெறச் செய்த பிடியைப் போட்டார். ஷார்ப்ஷூட்டர் என்பார்கள். எதிராளியின் இரு கால்களையும் பின்னிக் கொண்டு, அவரைக் குப்புறப் புரட்டி, முதுகுப் பக்கம் அமர்ந்து கால்களை வளைத்து இழுக்கும் பிடி. லேசி தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். மணி அடித்தது.

கதைப்படி அவர்கள் இருவரும் பகையாளிகள். மணி அடித்த பிறகு கதையாவது ஒன்றாவது, கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு வளையத்தை விட்டு இறங்கி, வேலியோரம் நின்ற பெண்களிடமும் சிறுமிகளிடமும் போய்க் கைகொடுத்தார்கள், தழுவிக்கொண்டார்கள். அந்த இரவில் பிராக் லெஸ்னர் இருந்தார், குத்துச்சண்டைச் சாம்பியன் டைசன் ஃப்யூரி இருந்தார், மன்சூர் என்ற சவூதி இளைஞர் தன் ஊர்க்காரர்கள் முன்னால் ஜெயித்தார். மறுநாள் உலகம் பேசியது அந்த ஏழெட்டு நிமிடத்தைத்தான்.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதை நேரானதல்ல. 2018இல் சவூதியின் விளையாட்டு ஆணையத்தோடு டபிள்யூ.டபிள்யூ.இ. பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது. எண்ணெயை மட்டும் நம்பியிருக்க முடியாது, சுற்றுலாவும் கேளிக்கையும் விளையாட்டும் வேண்டும் என்று பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் முன்வைத்த ‘விஷன் 2030’ திட்டத்தின் ஒரு பகுதி அது. ஆண்டுக்கு இரண்டு பெரிய நிகழ்ச்சி, அதற்கு ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. முதல் நிகழ்ச்சி 2018 ஏப்ரல் 27இல் ஜித்தாவில். ஐம்பது பேர் ஏறும் ஆட்டமெல்லாம் வைத்தார்கள். ஐம்பதும் ஆண்கள். பெண்கள் பார்க்க வரலாம், ஆனால் குடும்பத்து ஆணோடு வர வேண்டும். நடுவில் அடுத்த நிகழ்ச்சிக்கான விளம்பரப் படம் ஓடியது. அதில் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பெண் வீராங்கனைகள் தங்கள் வழக்கமான உடையில் சில நொடி வந்து போனார்கள். அவ்வளவுதான். ஒழுக்கக்கேடான காட்சி காட்டப்பட்டதற்கு வருந்துகிறோம் என்று விளையாட்டு ஆணையம் மன்னிப்பு அறிக்கை விட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 28இல் நியூயார்க் மாநிலத்தில், முழுக்க முழுக்கப் பெண்களே ஆடும் பெரிய நிகழ்ச்சியை அந்த நிறுவனம் முதன்முறையாக நடத்தியது. சமத்துவம், புதிய யுகம் என்று பெரிய பெரிய பேச்செல்லாம் பேசினார்கள். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 2ஆம் தேதி, ரியாத்தில் அடுத்த நிகழ்ச்சி. அங்கே வளையத்தில் ஆட ஒரு பெண்ணுக்கும் இடமில்லை. அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருந்தது. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி அக்டோபர் 2இல் இஸ்தான்புல் சவூதித் துணைத்தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். உலகமே கொதித்த மாதம் அது. ஜான் சீனாவும் சக வீரர் டேனியல் பிரையனும் போகவில்லை. நிறுவனம் போனது.

2019 ஜூன் மாதம் ஜித்தாவில் மறுபடி ஒரு முயற்சி. நடால்யாவும் அலெக்ஸா பிளிஸ்ஸும் விமானமேறி ஜித்தாவுக்கே போய்விட்டார்கள். அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். கிடைக்கவில்லை, ஆடாமல் திரும்பினார்கள். அக்டோபரில் ரியாத்தில் நடால்யா அழுததன் பின்னால் இந்தக் காத்திருப்பும் இருக்கிறது.

அண்டை நாடான ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தக் கதவு இரண்டு ஆண்டு முன்பே திறந்துவிட்டது. 2017 டிசம்பர் 7இல் அபுதாபியில் அலெக்ஸா பிளிஸ்ஸும் சாஷா பேங்ஸும் மோதினார்கள். அங்கேயும் உடம்பு முழுதும் மூடிய உடைதான். ஆட்டத்தின் நடுவே கூட்டம் ஒரே குரலில், ‘இதுதான் நம்பிக்கை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் முழங்க ஆரம்பித்தது. வில்லி வேடத்தில் இருந்த அலெக்ஸாவே கலங்கிவிட்டார். சாஷா அழுதே விட்டார்.

இப்போது ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டியிருக்கிறது. சவூதியைப் பார்த்து முகம் சுளிப்பது எளிது. அந்த அமெரிக்க நிறுவனத்தின் வீட்டு வரலாற்றையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இருபது ஆண்டுக்கு முன் அவர்கள் பெண்களை வைத்து என்ன ஆட்டம் நடத்தினார்கள்? எதிராளியின் மேலுடையைக் கிழித்துக் களைந்தால் வெற்றி என்று ஒரு ஆட்டம். சேற்றில் புரள்வது ஒரு ஆட்டம். நிஜமாகவே மல்யுத்தம் கற்ற பெண்களுக்கு ஆண்கள் ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. 2015இல் பெண்கள் இரட்டையர் ஆட்டம் ஒன்று அரை நிமிடத்தில் முடிந்துபோக, பார்வையாளர்களே இணையத்தில் பொங்கினார்கள். இந்தப் பெண்களுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுங்கள் என்று. 2016இல்தான் ஆண்களுக்கு இருப்பதுபோலவே பெண்கள் சாம்பியன் பட்டம் என்று மீண்டும் பெயர் வைத்து பெல்ட் கொடுத்தார்கள். ஆக, ஒரு நாட்டில் துணியைக் கழற்று என்றார்கள், இன்னொரு நாட்டில் துணியைப் போர்த்து என்றார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. ரியாத்தில் போட்ட டி-சட்டையைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

உடையைத் தானே தேர்ந்தெடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஹரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி தெற்காசிய விளையாட்டில் பளு தூக்கித் தங்கம் வாங்கியவர். ஜலந்தரில் கிரேட் காலியிடம் மல்யுத்தம் பழகி, 2017இல் டபிள்யூ.டபிள்யூ.இ. வளையத்தில் ஏறினார். அந்த வளையம் கண்ட முதல் இந்தியப் பெண். காவி நிறச் சல்வார் கமீஸில் வந்து எதிராளியைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டார். ஆட்டத்தில் தோற்றாலும் அந்தக் காட்சி இணையமெங்கும் ஓடியது. மலேசியாவில் நோர் டயானா என்ற இளம்பெண், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பழகியவர். முகமூடியோடு ஆடத் தொடங்கினார், பிறகு முகமூடியைக் கழற்றினார், ஹிஜாபைக் கழற்றவில்லை. 2019 ஜூலையில் நான்கு ஆண்களைத் தோற்கடித்து உள்நாட்டுப் பட்டம் வென்றார். முழுக்கையும் முக்காடும் இருந்தாலே அடிமைத்தனம் என்று பேசுகிறவர்கள் டயானா மேல்கயிற்றிலிருந்து குதிப்பதை ஒரு தடவை பார்க்கலாம்.

சரி, சவூதிக்கே திரும்புவோம். விளையாட்டில் சவூதிப் பெண்கள் என்ற கதை 2019இல் தொடங்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்பு அந்த நாடு ஒரு பெண்ணைக்கூட ஒலிம்பிக்குக்கு அனுப்பியதில்லை. அந்த ஆண்டு இரண்டு பேர் போனார்கள். 800 மீட்டர் ஓடிய சாரா அத்தார் ஒருவர். இன்னொருவர் ஜூடோவில் இறங்கிய வுஜ்தான் ஷஹர்கானி. வயது பதினாறு. உலகமே கறுப்புப் பட்டையோடு வரும் அரங்கில் இவர் நீலப் பட்டைக்காரர். ஜூடோவில் எதிராளி கழுத்தோரம் பிடித்து இழுப்பார், தலையில் துணி இருந்தால் கழுத்து இறுகும், அதனால் ஹிஜாப் கூடாது என்று ஜூடோ சங்கம் சொன்னது. ஹிஜாப் இல்லாமல் மகள் ஆட மாட்டாள் என்று தந்தை சொன்னார். நாள்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் தலையோடு இறுக ஒட்டும் ஒரு கறுப்புத் தொப்பி என்று முடிவானது. பெரிய ஆட்டக்காரரான புவேர்ட்டோ ரிக்கோப் பெண் ஒருவரோடு மோதினார். 82 நொடியில் ஆட்டம் முடிந்தது. அரங்கம் கைதட்டியது. அந்தச் சிறுமியை ஊரில் இணையத்தில் வசைபாடியவர்களும் இருந்தார்கள்.

அப்போது சவூதி அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பே கிடையாது. 2017 ஜூலையில்தான் அதற்கு முடிவெடுத்தார்கள். 2018 ஜனவரி 12இல் முதன்முறையாகப் பெண்கள் கால்பந்து அரங்கில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள், ஜித்தாவில். அதே ஆண்டு ஜூன் 24இல் கார் ஓட்டும் உரிமை வந்தது. 2019 ஆகஸ்டில், 21 வயது கடந்த பெண்கள் ஆண் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமலே பாஸ்போர்ட் வாங்கலாம், வெளிநாடு போகலாம் என்று சட்டம் மாறியது. இரண்டு மாதம் கழித்துதான் நடால்யாவும் லேசியும் ரியாத் வளையத்தில் ஏறினார்கள். வேகமான மாற்றம்தான், மறுக்க முடியாது. ரியாத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களைக் கேட்டாலே சொல்வார்கள், ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது என்று.

ஆனால் இந்த மாற்றங்களைக் கேட்டவர்கள் எங்கே இருந்தார்கள்? 1990 நவம்பரில் 47 பெண்கள் ரியாத் வீதியில் அணிவகுத்துக் கார் ஓட்டினார்கள். வேலை போனது, பாஸ்போர்ட் பறிபோனது, பள்ளிவாசல்களில் திட்டினார்கள். 2011இல் மனால் அல்ஷரீஃப் கார் ஓட்டி அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார், சிறைக்குப் போனார். 2014இல் லுஜைன் அல்ஹத்லூல் அமீரகத்திலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு எல்லைக்கு வந்தார், 73 நாள் காவலில் வைத்தார்கள். 2018 மே மாதம் மறுபடி கைது. அவரோடு அஸீஸா அல்யூசுஃப், ஈமான் அல்நஃப்ஜான் என்று இன்னும் சிலர். ஒரு மாதம் கழித்து, அவர்கள் கேட்ட கார் உரிமை நாடெங்கும் கோலாகலமாக வந்தது. கேட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். 2019 அக்டோபர் 31 இரவு நடால்யா ஷார்ப்ஷூட்டர் போட்டபோதும் லுஜைன் சிறையில்தான் இருந்தார். 2021 பிப்ரவரி 10இல்தான் வெளியே விட்டார்கள். உள்ளே சித்திரவதை நடந்ததாகக் குடும்பம் சொன்னது, அரசு மறுத்தது. வெளியே வந்த பிறகும் நாட்டை விட்டுப் போகத் தடை.

இதில்தான் எனக்கு நெருடல். அந்த மல்யுத்தம் வெறும் விளம்பரம், கறையைக் கழுவப் போட்ட சோப்பு நுரை என்று மனித உரிமை அமைப்புகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பணம் கொடுத்தவர் அரசு, நாள் குறித்தவர் அரசு, ஜூனில் கூடாது என்றவரும் அக்டோபரில் ஆகட்டும் என்றவரும் அதே அரசு. மன்னர் மனம் வைத்தால் தருவார், நீங்களாகக் கேட்டால் உள்ளே போவீர்கள் என்பதுதான் அங்கே ஏற்பாடு. அதே மூச்சில் வேலியோரம் நின்ற சிறுமிகளையும் விளம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. பெரிய அரங்கில், ஆயிரக்கணக்கான ஆண்கள் நடுவே, இரண்டு பெண்கள் தங்கள் உடல் வலுவைக் காட்டுவதையும் அதற்குக் கூட்டம் கைதட்டுவதையும் தங்கள் ஊரிலேயே பார்த்தார்கள். அரசு எதற்காக அதைக் காட்டியது என்பது வேறு, அவர்கள் அதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு. இரண்டாவதை யாராலும் ஒப்பந்தத்தில் எழுத முடியாது.

பிறகு பெண்கள் ஆட்டம் வழக்கமாகிப் போனது. 2020 பிப்ரவரியில் ரியாத்தில் பேலியும் நயோமியும் பட்டத்துக்காக மோதினார்கள். சவூதியில் பெண்கள் பட்டத்துக்கான முதல் ஆட்டம். 2022 பிப்ரவரி 19இல் ஜித்தாவில் ஆறு பெண்கள் இரும்புக் கூண்டுக்குள் மோதினார்கள், பியாங்கா பெலேர் ஜெயித்தார். உடை மட்டும் மாறவில்லை, முழுக்கைதான்.

அதற்கு மறுநாளே, 20ஆம் தேதி, மாலத்தீவில் வேறொன்று நடந்தது. சவூதிப் பெண்கள் கால்பந்து அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் சீஷெல்ஸை 2-0 என்று வென்றது. எனக்கு அது மல்யுத்தத்தைவிடப் பெரிய செய்தி. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பெண்களை வரவழைத்து ஆட வைப்பது ஒன்று, சொந்த நாட்டுப் பெண்கள் சொந்தக் கொடியோடு இறங்குவது இன்னொன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜித்தாவில் சோமாலிய வம்சாவளிக் குத்துச்சண்டை வீராங்கனை ரம்லா அலி ஆடினார், சவூதியில் நடந்த முதல் பெண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரகத் அல்நயீமி என்ற சவூதிப் பெண்ணே குத்துச்சண்டை வளையத்தில் ஏறினார். 2024 மே மாதம் ரியாத்தில் ஹத்தான் அல்ஸைஃப் கலப்புச் சண்டைக் கூண்டில் எகிப்துப் பெண் ஒருவரை வென்றார்.

இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜித்தாவில் ஹலா அல்ஹம்ரானி என்றொரு பயிற்சியாளர் இருக்கிறார். 2000களின் தொடக்கத்திலேயே தன் வீட்டில் பெண்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பெண்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்கு முறையான உரிமம் என்பதே 2017இல்தான் அங்கே பேச்சுக்கு வந்தது. அதுவரை அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. வாரம் தவறாமல் வந்து கைக்குத் துணி சுற்றிக்கொண்டு பையைக் குத்திப் பழகினார்கள். அவர்களுக்கு டிக்கெட் விற்கவும் வாணவேடிக்கை விடவும் யாரும் இருக்கவில்லை.